இரண்டு அன்ரனாவும் ஓர் இத்தாலியரும்

1989 ஒக்ரோபர் 14, சனிக்கிழமை. காலை 6.10க்கு எழுந்தேன். 6.25க்குத் தேநீர். 6.40க்கு மழைமானி பார்த்தேன், காலி. 7.00க்குச் சப்பாத்து துடைத்தேன். நாட்குறிப்பில் இதுவரை கையெழுத்து அழகாகவே இருக்கிறது. பிற்பகல் இரண்டுக்குப் பிறகு என்னாலேயே வாசிக்க முடியவில்லை.

செவன் கிங்ஸ் என்ற ஆங்கிலேயப் புறநகரில், எங்கள் பின்வளவில் ஓர் இரும்புக் கம்பம் நின்றது. அதன் உச்சியில் என் அமெச்சூர் வானொலியின் அன்ரனா. அது மனைவி யோகத்தின் கண்ணை உறுத்தியது. பினாங்கில் இருக்கும் அவளுடைய அண்ணை சிவமும் என்னைப்போல் உரிமம் பெற்ற வானொலிப் பைத்தியம் என்பதால்தான் பொறுத்திருந்தாள். அவர் குரலோ இரைச்சலுக்குள் மூழ்கி மூழ்கித்தான் வரும். கடைசியில் தவணை வைத்தாள்.

"சனிக்கிழமை அண்ணையின்ரை குரல் தெளிவாக் கேக்கவேணும். இல்லாட்டி உந்தக் கம்பத்தைக் கழட்டிப்போடுங்கோ."

அவ்வளவு தூரத்துச் சமிக்ஞை அடிவானத்தை உரசிக்கொண்டு தாழ்ந்த கோணத்தில் வரும். ஒரே மாதிரியான இரண்டு அன்ரனாக்களை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினால், அந்தக் கோணத்துக்குக் காது கூர்மையாகும். இன்னொன்று வாங்கினேன். கேபிள்களை மில்லிமீற்றர் பிசகாமல் வெட்டினேன். (அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.) மேலதில் கேபிள் பூட்டும் இணைப்புப் பெட்டி கீழ்நோக்கி இருந்தது. பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று புதியதைத் தலைகீழாகப் பிரட்டிப் பூட்டினேன். இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று பார்த்து நின்ற அழகை நாலு கோணத்திலிருந்து ரசித்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த பதினொரு உறவினர் வானொலியைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். 2.00: இரைச்சல். 2.04: இரைச்சல். 2.07க்கு ஒரு குரல் இடிபோல் இறங்கியது. இத்தாலிய மொழியில்.

"அண்ணைக்குத் தொண்டை கட்டிட்டுதோ, அத்தான்?" என்றாள் யோகத்தின் தங்கை ராணி.

சிவம் எங்கள் நேரம் இரண்டரை வரைதான் காத்திருப்பார்; பினாங்கில் அப்போது இரவு ஒன்பதரை. யோகம் யன்னலால் கம்பத்தைப் பார்த்தாள். எந்தப் பக்கம் சாயும் என்று கணக்குப் போடுவதுபோல் இருந்தது.

2.19. "ஒண்டைக் கழட்டிப் பாருங்கோவன்," என்றாள் யோகம்.

"உனக்கு உது விளங்காது. ரண்டும் சேர்ந்தால்தான் பலம்."

"நேற்று வரைக்கும் ஒண்டிலைதானே அண்ணை வந்தவர்?"

வரைபடத்தை விரித்துக் கோணங்களை விளக்கினேன். விளக்கி முடிய 2.28. அவள் எழுந்து வந்து புதிய அன்ரனாவின் கேபிளை வானொலியிலிருந்து பிடுங்கினாள்.

"...மச்சான், அரை மணித்தியாலமாக் கூப்பிடுறன். யோகத்தின்ரை சமையலைத் திண்டிட்டு நித்திரையோ? சரி, நானும் படுக்கப் போறன்."

அன்றைக்கென்று வானம் ஒத்துழைத்ததில், பழைய ஒன்றிலேயே பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் அத்தனை தெளிவு! நான் மைக்கைப் பிடிப்பதற்குள் சிவம் போய்விட்டார்.

பிரட்டியதில் புதியதன் இடம் வலமாகிவிட்டது. மேலது இழுக்கும்போது கீழது தள்ள, மேலது கொண்டுவந்த குரலைக் கீழது சுத்தமாக அழித்தது. தாழ்ந்து வந்த சிவம் அதில் காணாமற்போக, உயர்ந்த கோணத்தில் இறங்கி இரண்டையும் முன்பின்னாகத் தொட்ட இத்தாலியர் மட்டும் தப்பிவிட்டார். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் ஒரு காரியத்தை ஏற்றுக் குழப்பினால், ராணி சொல்வது ஒன்றுதான்: "ஒண்டைக் கழட்டிப் பாருங்கோவன்."

மறுநாள் காலை, தேநீருக்கும் மழைமானிக்கும் முன்பே, ஸ்பானரோடு ஏணியில் ஏறினேன். யோகம் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணையின்ரை குரல் தெளிவாத்தான் வந்தது," என்றாள். "அந்த ஒண்டு நிக்கட்டும்."

புதியதைத் திரும்பப் பிரட்டத்தான் ஏறினேன். கழற்றிக்கொண்டு இறங்கினேன்.