பின் சீட்டு அம்மாவும் எங்கள் மாதச் செலவும்

புக்கிட் மெர்தாஜாம்,
மே மாதம், 1944 (ஜப்பான்காரன் கணக்கில் 2604).

தைப்பிங்கில் வசிக்கும் மரியாதைக்குரிய மச்சான் ரேமண்ட் அவர்களுக்கு, சந்தை ஓரமாக நிற்கும் ஆஸ்டின் காரின் முன் சீட்டிலிருந்து தங்கள் தங்கை புருஷன் வேதநாயகம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் சவுந்தரமும் உயிரோடிருக்கிறோம். தாங்களும் அக்காவும் அவ்விதமே இருக்க மாதாவை மன்றாடுகிறோம்.

துணி வியாபாரி முகம்மது கனியிடம் தாங்கள் சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. ஒரு பகல் பயணம்தானே, பிப்ரவரியில் பினாங்கை விட்டவர்கள் இன்னும் ஏன் தைப்பிங் வரவில்லை, பென்ஷனும் நின்றுபோன மனுஷன் காரில் குடித்தனம் நடத்திக்கொண்டு மாதச் செலவை எப்படிச் சமாளிக்கிறார், சூதாடுகிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருஷம் கப்பல் கம்பெனியில் தலைமைக் கிளார்க்காக இருந்தவனைப் பார்த்து இப்படிக் கேட்டது எனக்கு வருத்தம்தான். ஆனால் உண்மையைக் கேட்டால் சூதாட்டமே பரவாயில்லை என்பீர்கள்.

பர்மா ரோட்டு வீட்டை ஜப்பான் ஆபீசர் ஒருவர் பிடித்துக்கொண்டு, மத்தியானத்துக்குள் காலி பண்ணச் சொன்னது தங்களுக்குத் தெரியும். அன்றைக்கே தரகர் பழனியப்பனிடம் சவுந்தரத்தின் தையல் மெஷினைக் கொடுத்து இந்தக் காரை வாங்கினேன். ஜப்பான்காரனே வேண்டாமென்று ஒதுக்கிய வண்டி. பெட்ரோலுக்குப் பதில் பின்பக்கம் கரி அடுப்பு வைத்துக் கட்டியிருக்கிறது. கொஞ்ச தூரம் ஓடும், இருமும், நிற்கும், ஏற்றம் வந்தால் சவுந்தரம் இறங்கித் தள்ளவேண்டும், நான் உள்ளே இருந்து தைரியம் சொல்லவேண்டும். கரி தேடி ஜுருவுக்கு, பயணப் பாஸ் வாங்கப் புக்கிட் மெர்தாஜாமுக்கு, மறுபடி கரிக்கு ஜுருவுக்கு என்று இந்த வட்டாரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம். முதல் மாதம் ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமரம் போட்ட நோட்டெல்லாம் மரவள்ளிக்கிழங்குக்கும் உப்புக்கும் பறந்தது. இனி என் கைக்கடிகாரத்தை விற்கவேண்டியதுதான் என்றிருந்தபோதுதான், இதே சந்தையில் கிழங்கு விற்கும் மலாய்க் கிழவி சித்தி ஹாஜரா ஒரு கூடைக் கிழங்கை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"காசு வேணாம்லா அண்ணே. பின்னால இருக்கற அம்மாவுக்குக் குடுங்க."

பின்னால் தலையணையும் சட்டிபானையும்தான் இருந்தன. கிழவிக்குக் கண் மங்கல் என்று நினைத்து நன்றி சொல்லிக் கிளம்பினேன். ஜுருவில் கரிக்காரன் காசை வாங்காமல் கரி மூட்டையை ஏற்றிவிட்டு, பின் ஜன்னலைப் பார்த்துத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். பங்கீட்டுக் கடையில் இரண்டு பேர் என்று சொல்லி நின்றேன்; கடைக்காரர் என் தோளுக்கு மேலாக வண்டியைப் பார்த்துவிட்டு மூன்று பேருக்கு அரிசி அளந்தார். தங்கள் தங்கைக்குப் பயமாவது ஒன்றாவது! மூன்று தட்டு வைத்துச் சோறு போட ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது தட்டு தொடாமல் அப்படியே இருக்கும். அதைக் காலையில் நான் சாப்பிடுவேன். நாடே எலும்பும் தோலுமாகிவிட்டபோது நான் மட்டும் கொஞ்சம் பூசினாற்போல இருப்பதாகக் கனி தங்களிடம் சொல்லியிருந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் மச்சான், நான் ஏற்றி மூடிய பின் ஜன்னல், திரும்பிப் பார்த்தால் நாலு விரல்கடை இறங்கியிருக்கும். யாரும் உட்காராத சீட்டில் கை வைத்தால் சூடாயிருக்கும். ஆஸ்பத்திரியில் தரை கழுவுவார்களே, அந்த மருந்து வாசனை வரும்.

பத்து காவான் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஜெயலெட்சுமி என்ற பெண் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்தபோது, இறங்கிப் போய் மெதுவாக விசாரித்தேன்.

"ஞானாம்பிகை அம்மாங்க. எங்க தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் சம்சாரம். மருந்துக்கு ஒரு காசு வாங்க மாட்டாரு டிரெசர் ஐயா. சயாம் ரயிலு போட ஜப்பான்காரன் ஆளப் புடிச்சப்ப, அவரையும் சேத்து லோரில ஏத்திட்டாங்க. இந்த அம்மா இதே கெரெத்தா வண்டியில தோட்டம் தோட்டமா அலைஞ்சு, திரும்பி வந்தவங்ககிட்ட எல்லாம் கேட்டுச்சு. காய்ச்சல் கண்டு ஜுரு ரோட்டுல, இதே சீட்டுலதான் செத்துப்போச்சு."

"அப்புறம் இந்தப் பழம் யாருக்கும்மா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உக்காந்திருக்கறவங்களுக்குத்தான்."

திரும்பி வந்து சவுந்தரத்திடம் விஷயத்தைச் சொல்லி, வண்டியை விற்றே ஆகவேண்டும் என்றேன். சவுந்தரம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புருசனத் தேடிப் போற பொம்பளய நடுரோட்டுல எறக்கி விடச் சொல்றீங்களா? நாளைக்கு உங்கள லோரில ஏத்துனா நான் எதுல வந்து தேடுவேன்?"

அவள் குளிக்கப் போன சமயம் பார்த்து நானே பின் சீட்டின் முன் நின்று, கம்பெனிக்கு மனு எழுதும் பாணியில், "அம்மா, தங்கள் துயரம் அடியேனுக்குப் புரிகிறது, ஆயினும் இட நெருக்கடியை உத்தேசித்து" என்று ஆரம்பித்தேன். கண்ணாடி மெல்ல மேலே ஏறி மூடிக்கொண்டது. மனு நிராகரிக்கப்பட்டது என்று புரிந்துகொண்டேன்.

போன வாரம் காவல்சாவடியில் எங்கள் பாஸின் கெடு முடிந்திருந்தது. ஜப்பான் சிப்பாய் என்னை இறக்கிக் கன்னத்தில் அறைந்தான். துப்பாக்கி முனையால் சவுந்தரத்தையும் இறங்கச் சொன்னான். வண்டியும் போயிற்று, நாங்களும் போனோம் என்று நான் ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன். அவன் பின் கதவைத் திறந்து உள்ளே குனிந்தவன் அப்படியே நின்றான். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, இரண்டடி பின்னால் போய், இடுப்புவரை வளைந்து கும்பிட்டான். நாம்தானே மச்சான் அவர்களுக்கு வளையவேண்டும்! நான் பயத்தில் பதிலுக்கு வளைந்தேன், அவன் இன்னும் வளைந்தான், சவுந்தரம்தான் சட்டையைப் பிடித்து இழுத்து என்னை வண்டிக்குள் தள்ளினாள்.

ஆகவே செலவு பற்றி விசாரம் வேண்டாம். கரி நிறைய இருக்கிறது, புது பாஸும் கிடைத்துவிட்டது, காலையில் நேராகத் தைப்பிங்தான். இருவருக்கு ஓர் அறை ஒழித்து வையுங்கள். வந்ததும் பூசை வைத்து, அந்த அம்மாவைச் சாந்தியாக அனுப்பிவிட்டு, வண்டியைத் தலைமுழுகிவிடலாம். அக்காவுக்கு எங்கள் தோத்திரம். ஆண்டவர் தங்கள் வீட்டு வாசலைக் காப்பாராக.

பணிவுள்ள,
வேதநாயகம்

பின்குறிப்பு: கனியிடம் கடிதத்தைக் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போன இடத்தில், சயாமிலிருந்து ஒற்றைக் காலோடு திரும்பிய ஒருவனைச் சவுந்தரம் பிடித்துக்கொண்டாள். டிரெசர் உயிரோடிருக்கிறாராம். எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு முகாமில் கூலிகளின் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாராம். அறை ஒழிக்கவேண்டாம், மச்சான். வண்டியை வடக்கே திருப்பியாயிற்று. சவுந்தரம் விஷயத்தைச் சொல்வதற்காகப் பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள், முன்னால் நான் தனியாக இருக்கிறேன். இத்தனை நாளும் அந்த அம்மாவிடம் இவள் மட்டும்தான் பேசுவாள். இப்போது இரண்டு பேர் அழுகிற சத்தம் கேட்கிறது.

வே.