மருத்துவமனையில் தண்ணீர் கொடுக்காத குற்றம்

மடீனா, அக்ரா.

குடும்பத் தலைவரும் என் மனைவி அமானிவாவின் தாய்மாமனுமான பெரியவர் அசியெடு அவர்களுக்கு, அவள் கணவன் ஒடூரோ செருப்பைக் கழற்றி, தோள்துணியை இறக்கி, பணிந்து எழுதுவது. உங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மருத்துவமனைக்கு வந்த உங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கவில்லை, வந்த சேதியை முறைப்படி விசாரிக்கவில்லை, அதற்கு ஓர் ஆடு அபராதம் என்று குடும்பக் கூட்டம் தீர்த்ததாக அறிந்தேன். மாமா, அன்று காலை நான் ஃபூஃபூ களிக்கு வெந்த கிழங்கை இடிக்க, அவள் உரலில் கிழங்கைத் திருப்பிப் போட்டபடி என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். பாதி வசவில் பேச்சு நின்றது. வலது கை உரலுக்குள்ளேயே கிடந்தது. ஓங்கிய உலக்கையைத் திருப்பி என் காலிலேயே போட்டுக்கொண்டேன். அவள் வாய் கோணியிருந்தது. அந்த வாய் ஒருநாளாவது ஓயாதா என்று ஏங்கியவன்தான், ஓய்ந்ததும் நடுங்கிப் போனேன்.

மருத்துவமனையில் டாக்டர் சம்மதக் காகிதத்தோடு ஓடி வந்தார். "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியா அடைச்சிருக்கு. தொடை இடுக்குல சின்னத் துளை போட்டு, மெல்லிசுக் குழாயை மேல அனுப்பி இழுத்துடலாம். தலையைத் திறக்க வேண்டாம். ஆனா லேட்டாக ஆக மூளை செத்துக்கிட்டே போகும்."

அதற்குள் வந்து சேர்ந்திருந்த நீங்கள் கையை உயர்த்தினீர்கள். "அவ எங்க வீட்டுப் பொண்ணு. நான் சொல்லாம யாரும் குழாய் விடக்கூடாது. முதல்ல தண்ணி குடுங்க. உட்காருப்பா டாக்டர், எந்த ஊரு? அம்மா சௌக்கியமா?"

அவரும் நம்மவர்தானே, பெரியவரை எப்படி மறிப்பார்? "சௌக்கியந்தாங்க ஐயா" என்றவருக்கு வியர்த்துக் கொட்டியது. நீங்கள் அடுத்து அவருடைய மாமனைப் பற்றி விசாரித்தீர்கள். காகிதத்தைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டு, "ஓடுங்க டாக்டர்" என்று அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். பிறகு அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போன கதவைப் பார்த்தபடி நின்றேன். நீங்கள் பேசியது எதுவும் காதில் விழவில்லை. அவள் போய்விட்டால் நான் யாரோடு இருப்பேன் என்பது மட்டுமே மனதில் ஓடியது. கட்டியை எடுத்துவிட்டார்கள். அவள் கைவிரல்கள் அசைகின்றன.

ஆனாலும் முறை முறைதான். மன்னியுங்கள். ஆட்டோடு சனிக்கிழமை வருகிறேன். முன்னோர் உங்களைக் காக்கட்டும்.

பணிவுடன்,
ஒடூரோ

பி.கு.: எழுதியதை அமானிவா படித்துவிட்டாள். மேலே உள்ளதை எழுதாததாகக் கொள்ளவும். நீங்கள் டாக்டரின் அம்மாவை விசாரித்தபோது அவள் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் தள்ளுவண்டியில் கிடந்தாள். எல்லாம் காதில் விழுந்ததாம், "கையெழுத்துப் போடுங்க" என்று கத்த நாக்குதான் எழவில்லையாம். ஆடு வராது. சனிக்கிழமை அவளே வருகிறாள். பேச்சு முழுசாக வந்துவிட்டது.