மலைவேங்கை ஒரு மூடி

கூழில் ஊற்றினால் தெரியவே தெரியாது என்று டானிக்காரர் சொன்னது பச்சைப் பொய். செவ்வந்தி ஊற்றியது ஒரே ஒரு மூடிதான். அதற்கே கேழ்வரகுக் கூழ் கன்னங்கரேல் என்று ஆகி, வண்டி மசகு போல வாடையடித்தது. மோரை ஊற்றிப் பார்த்தாள், திரிந்துபோனது. வெங்காயத்தை நறுக்கிப் போட்டாள், வெங்காயமும் கறுத்தது.

அவள் புருஷன் அரங்கநாதன் சொம்பை முகர்ந்து பார்த்தார்.

"இன்னாமே இது? கூழுல டயர எரிச்சிப் போட்டியா?"

"புது கேவுருங்க. அப்படித்தான் இருக்கும். மூக்கப் புடிச்சிக்கினு குடிங்க."

அவர் அவளைப் பார்த்தார். கூழைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்து முடித்தார். அப்பாடா என்று இருந்தது செவ்வந்திக்கு.

பின்னே என்ன செய்வாள்? கரும்பு வெட்டு சீசன் வரப்போகிறது. இந்தப் பக்கத்தில் வெட்டுக்கு ஜோடியாகத்தான் ஆள் எடுப்பார்கள். புருஷன் வெட்ட வேண்டும், பெண்டாட்டி கரும்பின் காய்ந்த சோகையை உரித்துக் கட்டுக் கட்ட வேண்டும். போன வாரம் மேஸ்திரி ஜெயப்பிரகாஷ் பைக்கைக்கூட அணைக்காமல் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான்.

"யக்கா, மாமா ரொம்ப மூச்சு வாங்குறாரு. மொத நாள் வெட்டுல பாப்பேன். பின்தங்கிட்டார்னா உன்ன வேற ஆளோட ஜோடி போட்டுடுறேன். மாமா வூட்டுல ரெஸ்ட் எடுக்கட்டும்."

செவ்வந்திக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அரங்கநாதன் வெட்டின கரும்பைத் தவிர வேறொருத்தன் வெட்டினதை அவள் கட்டியதே இல்லை. இனிமேல் எவனோ வெட்ட, இவள் கட்டுவதா? அந்த மனுஷன் வீட்டில் உட்கார்ந்து கோழி விரட்டுவதா? நடக்குமா!

மணலூர்பேட்டை சந்தையில் வேனை நிறுத்தி, மைக் வைத்துக் கத்திக்கொண்டிருந்தார் டானிக்காரர். கல்வராயன் மலை உச்சியில் பறித்த மூலிகையாம். படுத்தவன் எழுவானாம், எழுந்தவன் ஓடுவானாம். பாட்டிலில் மீசை வைத்த வேங்கைப் படம், அதன் கீழே 'மலைவேங்கை டானிக்' என்று பெயர். வாங்கி வந்து முதலில் நேராகத்தான் நீட்டினாள்.

"எனக்கா டானிக்கு? நான் இன்னா நோஞ்சானா? அத்த தூக்கி ஏரியில போட்டுடுவேன், ஆமா!" என்று அரங்கநாதன் குதித்தார். அதனால்தான் இந்தக் கூழ் வைத்தியம்.

மறுநாள் விடியற்காலையில் பார்த்தால் பாயில் ஆளைக் காணோம். வெயில் ஏறின பிறகு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

"எங்கங்க போய்ட்டீங்க?"

"வயித்தக் கலக்குச்சி. ஏரிக்கரப் பக்கம் போனேன்."

செவ்வந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மருந்து முதலில் வயிற்றைச் சுத்தம் பண்ணும் என்று மைக்கில் சொன்னார்களே! ஆனால் ரொம்பக் கலக்கினால் ஆள் துவண்டுவிடுவாரே என்று ஓமத்தைக் காய்ச்சி, கூழுக்கு முன்னால் அதையும் ஒரு டம்ளர் கொடுத்தாள். அவர் இரண்டையும் குடித்துவிட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாளும் அவருக்கு வயிறு கலக்கியது. அதற்கடுத்த நாளும்.

ஒரு சாயந்தரம் திடீரென்று தெருக்குழாயிலிருந்து கைக்கொரு குடமாகத் தூக்கி வந்து, அவள் கண் முன்னாலேயே தொம்மென்று இறக்கினார். புஜத்தை வேறு தட்டிக் காட்டினார்.

"பாத்தியாமே? எனக்கு இன்னா கொறச்சல்? தெம்பு ஜாஸ்தியாத்தான் கீது. அந்தப் புது கேவுரு இனிமே வேணாம்."

ஆகா, பிடித்துவிட்டது மருந்து! ஒரு மூடிக்கே இப்படியென்றால் இரண்டு மூடிக்கு எப்படி இருக்கும்? மறுநாளிலிருந்து இரண்டு மூடி.

ஆனால் அந்த வாரமே, ராத்திரிச் சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்த இடத்தில் குறட்டை விட்டார் மனுஷன். செவ்வந்திக்கு அழுகையே வந்துவிட்டது. ஐயோ, பலவீனம் முற்றிப்போச்சே! இரண்டு மூடி கம்மி போலிருக்கே! மூன்றாக்கினாள். கூழோடு நிற்காமல் குழம்பிலும் ஊற்றினாள்.

கையைக் கழுவிவிடும்போதுதான் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"இது இன்னாங்க?"

"அது... சும்மா... சூட்டுக் கொப்புளம்."

அடடா, மருந்துச் சூடு உடம்பில் ஏறிவிட்டது! விடிந்ததும் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை விளக்கெண்ணெயை வழிய விட்டாள். வெந்தயத்தை அரைத்து ஊட்டினாள். சூட்டைத் தணித்துவிட்டோம், இனி பயமில்லாமல் ஊற்றலாம் என்று சந்தைக்குப் போய் இன்னொரு பாட்டிலும் வாங்கி வந்தாள். பையில் பாட்டில் இடிக்கும் சத்தத்தைக் கேட்டதும் அரங்கநாதன் முகம் சுண்டிப்போனது.

"போதும் தாயே!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"எது போதும்?"

"ஒண்ணுமில்ல. வெந்தயம் போதும்."

மறுநாளிலிருந்து அவருக்குக் கோழி கூவுவதற்கு முன்னாலேயே வயிறு கலக்க ஆரம்பித்தது.

முதல் வெட்டு நாளும் வந்தது. ஊர் எல்லையிலேயே கரும்புக் கொல்லை. மாட்டுக்குப் போடக் கரும்பின் நுனித் தழையான கொழுந்தாடை பொறுக்க ஊரே கூடிவிட்டது. பக்கத்து வரிசையில் இளமாறனும் மலர்விழியும். இந்த வருஷம் கல்யாணமான ஜோடி, காளைக்கன்று மாதிரி நின்றார்கள். ஜெயப்பிரகாஷ் வரப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். செவ்வந்தி கண்ணை மூடிக் கும்பிட்டாள். மாரியம்மா, இந்த மனுஷன் மானத்தைக் காப்பாத்து!

அரங்கநாதன் கத்தியை ஒரு தடவை துடைத்துக்கொண்டு குனிந்தார். குனிந்தவர்தான், நிமிரவே இல்லை. அடியில் ஒரு வீச்சு, தலையில் ஒரு வீச்சு. கரும்பு அவர் பின்னால் சரசரவென்று சாய்ந்துகொண்டே போனது. சோகை உரிக்கக் கை போதாமல் செவ்வந்திக்குத்தான் மூச்சு வாங்கியது.

"மாமா, கொஞ்சம் மெதுவாப் போ மாமா! பொண்டாட்டி பாக்குறா!" என்று கெஞ்சினான் இளமாறன்.

யார் கேட்டது? தன் வரிசையை முடித்துவிட்டு, எதிர்ப்பக்கமாகப் போய் இளமாறன் வரிசைக்குள்ளும் இறங்கிவிட்டார் அரங்கநாதன். கொழுந்தாடை பொறுக்க வந்தவர்கள் பொறுக்குவதை விட்டுவிட்டு விசிலடித்தார்கள். லாரி டிரைவர் ஹாரனை அழுத்தினார்.

ஜெயப்பிரகாஷ் வரப்பிலிருந்து இறங்கி வந்தான்.

"யக்கா, நான் சொன்னத மனசுல வெச்சுக்காத. இந்த சீசன் பூரா மொத ஜோடி நீங்கதான். மாமாவுக்கு அப்படி இன்னாதான் போடுற?"

செவ்வந்திக்குப் பெருமையில் கண் நிறைந்துவிட்டது. இனி மறைப்பானேன்! தூக்குப்பைக்குள் கையை விட்டு மலைவேங்கையை எடுத்து, ஊருக்கே தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினாள்.

"இதோ! கூழுல ஊத்துனேன், கொழம்புல ஊத்துனேன். அவருக்கே தெரியாது!"

அவ்வளவுதான், பெண்கள் மொய்த்துக்கொண்டார்கள். எங்கே விற்கிறது, சோற்றில் பிசையலாமா, மாமனாருக்குக் கொடுக்கலாமா என்று ஆளுக்கொரு கேள்வி. மலர்விழி பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். இளமாறன் ஓரடி பின்னால் போனான்.

அரங்கநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"சரிமே, அதான் ஜெயிச்சாச்சே. இனிமே நிறுத்திடலாமில்ல?"

"நிறுத்தறதா? நல்லாக் கீதே! சீசன் முடியற வரைக்கும் ரெண்டு வேளை!"

அவர் அப்படியே கரும்புக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் மாடு வைத்துப் பால் ஊற்றுகிற தமிழ்மொழி, தலையில் கொழுந்தாடைச் சுமையோடு செவ்வந்தி அருகில் வந்து, காதோடு காதாகச் சொன்னாள்:

"யக்கா, எனக்கு டானிக்கெல்லாம் வேணாம், நீ மாமாவுக்கு ஊத்துறத மட்டும் நிறுத்திடாத. மாமா, 'நான் தெம்பாயிட்டேன்னு காட்டுனாத்தான் அந்தக் கண்றாவிய நிறுத்துவா'ன்னு சொல்லிக்கினு, தெனம் விடியறதுக்குள்ள என் கொல்லைக்கு வந்து, மாட்டுக்கு நட்ட, ஆளொசரம் நிக்கிற சீமைப்புல்ல பூரா கூலி இல்லாம வெட்டி வெட்டிப் பழகிக்கினு கீறாரு!"