இரட்டைப் பிள்ளைக்கு உரிமை கோரிய சோடிக் காக்கா

இரட்டைப் பிள்ளை விஷயத்தில் சோடிக் காக்காவைப்போல் பெருமையடித்த மனிதர் எங்கள் கரையோரத்தில் மட்டுமல்ல, உலகத்திலேயே இருந்திருக்க மாட்டார். இத்தனைக்கும் அவருக்கு இரட்டைப் பிள்ளை பிறக்கவே இல்லை.

கல்முனைக் கடைத்தெருவில் நான் வேலை பார்த்த பாமசிக்கு, அதாவது மருந்துக்கடைக்கு, நேரெதிரே அவருடைய பழக்கடை. சொந்தப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது, அவருக்கே மறந்திருக்கும். அவர் ஓர் இரட்டை, அதனால் 'சோடி'; காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். கூடப் பிறந்த தம்பி பொத்துவிலில் மீன் பிடிக்கிறார். அவர்களுடைய உம்மாவின் உம்மாவுக்கும் இரட்டை. சாச்சிக்கு, அதாவது உம்மாவின் தங்கைக்கு, இரண்டு தரம் இரட்டை. "எங்கட குடும்பத்தில ஒத்தப் புள்ள பொறந்தா அயலாக்கள் வந்து ஆறுதல் சொல்லிட்டுப் போவாங்க, தம்பி" என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஒட்டிப் பிறந்த வாழைப்பழம் சாப்பிட்டால் இரட்டை பிறக்கும் என்று நம்பிப் பெண்கள் அவர் கடைக்கு வருவார்கள். வேறு யாராவது என்றால் அந்தப் பழத்தைத் தங்க விலைக்கு விற்று மாடி கட்டியிருப்பார்கள். இவரோ விற்கவே மாட்டார். "பழத்தால வாறதில்ல, ரத்தத்தால வாறது!" என்று வந்தவளின் முன்னாலேயே அதை உரித்து வாயில் போட்டுவிடுவார். குடும்பத்தின் புகழை வாழைப்பழம் தட்டிக்கொண்டு போவதை அவரால் பொறுக்க முடியாது.

அவருடைய உண்மையான தலையிடி வீட்டில் இருந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். பிறக்கிற பிள்ளைகளும் தாயின் குடியில், அதாவது தாய்வழி வம்சத்தில்தான் சேர்வார்கள். மாமியின் வீடு, மாமியின் குடி, மாமியின் கோழிகள். அந்த வீட்டு வளவுக்குள் 'இது என்னால் வந்தது' என்று விரல் நீட்டிக் காட்ட ஒன்றே ஒன்று வேண்டும் என்று மனிதர் ஏங்கினார். இரட்டைப் பிள்ளை பிறந்தால் யார் மறுக்க முடியும்?

முதல் பிள்ளைக்கு எல்லாவற்றையும் இரண்டு இரண்டாக வாங்கி வைத்தார். பிறந்தது ஒன்று. தாதி பிள்ளையைக் கொண்டுவந்து காட்டியதும் அவளுடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாராம்.

"மற்றது எங்க, மிஸி?"

"மற்றது எண்டு ஒண்டும் இல்லையே."

"நல்லாப் பாத்தீங்களா?"

இரண்டாவதும் ஒன்று, மூன்றாவதும் ஒன்று. கடைசியாகப் பிறந்தவள்தான் ஒரே மகள் ஸமீஹா. மாமிக்குப் பரம திருப்தி. "எங்கட குடியில புள்ளைகள் மரியாதையா ஒண்டொண்டாத்தான் வரும் மருமகன், இடிச்சுத் தள்ளிக்கிட்டு வராது" என்றார்.

ஒருநாள் காரைதீவிலிருந்து வரும் பிள்ளைப்பேற்று டொக்டர் ஒருவர் மாம்பழம் வாங்க நின்றார். காக்கா அவரை விடவில்லை. தனக்கு மட்டும் ஏன் இரட்டை பிறக்கவில்லை என்று கேட்டார்.

டொக்டர் பழத்தை முகர்ந்துகொண்டே, "உங்கட ஆக்களில ரெட்டைகளுக்கு முகம் வேற வேறயா?" என்று கேட்டார்.

"ஓம் டொக்டர். என்ட தம்பி பக்கத்தில நிண்டா ஒரே ஊர் எண்டும் சொல்ல மாட்டாங்க."

"அப்ப அது ரெண்டு முட்டையில வாற ரெட்டை. ஒரே மாசத்தில ரெண்டு முட்டை வெளிவாறது பொம்புளைட உடம்பில நடக்கிற விஷயம். அந்தத் தன்மை உங்கட ரத்தத்தில இருந்தாலும் உங்கட மனிசிக்குப் போகாதே. ஆனா மகளுக்கு நீங்க குடுத்திருக்கலாம். கட்டாயம் வரும் எண்டில்ல, வாய்ப்புக் கொஞ்சம் கூட."

காக்கா தராசைக் கீழே வைத்தார். "அப்ப நான் தபால்காரன்! கடிதம் மகளுக்கு!"

கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். மாமி அசையவில்லை. "ஸமீஹா எங்கட குடி. உங்கட குடி ரத்தம் அவளுக்குள்ள எப்படி வாறது?" என்று ஒரே கேள்வியில் விஞ்ஞானத்தை மடக்கிவிட்டார்.

அதற்குப் பிறகு காக்காவின் முழு நம்பிக்கையும் மகள் மேல். ஸமீஹாவுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டில், கொங்கிறீட் போடும்போதே மேசனின் பக்கத்திலேயே நின்று தொட்டில் கட்ட இரண்டு கொளுக்கி வைக்கச் செய்தார். வீடு பார்க்க வந்த மாப்பிள்ளையின் உம்மா அண்ணாந்து பார்த்து, "இது ரெண்டும் ஏன்?" என்று கேட்டார். காக்கா இதற்காகவே காத்திருந்தவர். பொத்துவிலிலிருந்து வரவழைத்திருந்த தம்பியைப் பக்கத்தில் நிறுத்தி, "நாங்க ரெட்டை" என்றார். இவர் குள்ளம், சிவப்பு. தம்பி நெட்டை, கறுப்பு, கடல்வெயிலில் வாடிய உடம்பு. அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இவர் உங்கட வாப்பா எண்டுல்ல நான் நெனச்சன்" என்றார். அண்ணனுக்கே தகப்பனாக்கப்பட்ட தம்பி கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டார்.

கலியாணம் முடிந்து ஸமீஹா உண்டானாள். ஸ்கேன் எடுத்த அன்று காக்கா எங்கள் பாமசிக்குள் ஓடிவந்து கதிரையில் விழுந்தார். இரண்டு விரலைக் காட்டினார். "ரெண்டு பனடோலா?" என்று கேட்டேன். அடிக்கக் கை ஓங்கிவிட்டார்.

அன்றிலிருந்து மாமியிடம் சொல்லவேண்டிய பேச்சைத் தயார் பண்ணத் தொடங்கினார். ஒத்திகைக்கு நான்தான் மாமி. "மாமி, இப்ப சொல்லுங்க பாப்பம், ஆருட ரத்தம்?" என்று என் மேசையில் குத்துவார். மருந்து வாங்க வந்தவர்கள் பயந்து திரும்பிப் போனார்கள். முதலாளிக்கு நான்தான் பதில் சொன்னேன்.

பிள்ளைகள் பிறந்தன, ஆண் ஒன்று, பெண் ஒன்று. பேச்சைக் கேட்கும் ஆசையில் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் காக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக நின்றார். மாமி வெளியே வந்தார். மருமகனை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார்.

"உள்ள வாங்க மருமகன்" என்றார் மெதுவாக. "உங்கட ஆக்கள் வந்திரிக்காங்க."

அவ்வளவுதான், காக்காவின் பேச்சு போன இடம் தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது. தட்டுத் தடுமாறிக் கட்டிலருகே போய், பிள்ளைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பினார்.

"மாமி, இந்தப் பொம்புளப் புள்ள அப்படியே உங்களப்போல."

"ஓம், நானும் பாத்தன்" என்றார் மாமி. அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நானும் குனிந்து பார்த்தேன். மாமியின் சாயல் மருந்துக்குக்கூட இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் நடு முகத்தில் காக்காவின் பெரிய மூக்குத்தான் உட்கார்ந்திருந்தது. அதைக் கண்ணால் கண்டுகொண்டே அப்படி ஒரு பொய் சொன்ன மனிதரை அதற்குப் பிறகு என்னால் கேலி செய்ய முடியவில்லை.