காருக்கு நெற்றி எங்கே?

“ஏனுங்க அம்மணி, உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுங்களா?”

“தெரியாதுங்கய்யா.”

“அப்புறம் என்னத்தப் பாத்து ரிப்பேர் எழுதப் போறீங்க?”

கார் சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டார். அதுதான் கூடுதலாகச் சுட்டது. குனிந்தேன். தரையில் நான்கு கால்கள் தெரிந்தன. இரண்டு என்னுடையவை. கம்பெனி கொடுத்த கறுப்பு ஷூ, காலையில்தான் துடைத்துப் போட்டது. அப்பா நத்தத்தில் புளியமரம் ஏறி உலுக்குகிறவர். அம்மா அந்தப் புளியை உடைத்துக் கொட்டை எடுக்கிறவர். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனதும் நான்தான், ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்ததும் நான்தான், ஷூ போட்டதும் நான்தான். எதிரே நின்ற இரண்டும் வெறுங்கால்கள். செம்மண் அப்பியிருந்தது. அந்தக் கால்களுக்குச் சொந்தமான வெள்ளைக் காரை, எங்கள் தெருவில் உள்ள அத்தனை வீடுகளையும் விற்றாலும் வாங்க முடியாது.

இந்த வேலையில் எத்தனையோ சொகுசு கார்க்காரர்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் அவ்வளவு விலை கொடுத்துக் காரை வாங்கி, அதை ‘வாங்க, போங்க’ என்று மரியாதையாகப் பேசி ஓட்டுகிறவர் இந்தப் பூமியிலேயே அவர் ஒருவர்தான். சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் மொத்த வியாபாரம் செய்பவர். திண்டுக்கல்லில் பழனி சாலையில் இருக்கும் எங்கள் சர்வீஸ் சென்டரில் அவருக்குப் பெயர் முருங்கைக்காய் ஐயா. வண்டியின் குறையை எழுதிக்கொள்ளும் ஜாப் கார்டில் வேறு ஏதோ பெயர் இருக்கும். அது யாருக்கும் ஞாபகம் இருந்ததில்லை.

முதலில் அந்த வெறுங்காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐயா காரில் ஏறும் முன் செருப்பைக் கழற்றிக் கீழேயே விட்டுவிடுவார். காருக்குள் அல்ல, ரோட்டில். எங்கே ஏறுகிறாரோ அங்கேயே செருப்பு நின்றுவிடும். இறங்குகிற இடத்தில் வெறுங்கால்.

“ஏங்கய்யா இப்படி?” என்று கேட்டேன்.

“வீட்ட விட வெல ஜாஸ்திங்க அம்மணி. வீட்டுக்குள்ளயே செருப்புப் போடறதில்ல, இதுக்குள்ள போடுவனுங்களா?”

அவருக்கு எங்கெல்லாம் போக்குவரத்து உண்டோ, அங்கெல்லாம் ஒரு ஜோடி செருப்பு காத்திருந்தது. வீட்டில் ஒன்று, மார்க்கெட்டில் ஒன்று, பழனி அடிவாரத்தில் தெரிந்த பூக்கடையில் ஒன்று. எங்கள் சென்டரிலும் ஒன்பதாம் நம்பரில் ஒரு ஜோடி வாங்கி வாசலில் வைத்தோம். புதிதாக வந்த செக்யூரிட்டி அதை யாரோ மறந்துவிட்டுப் போனதாக நினைத்து எடுத்து வைத்துவிட, அன்றைக்கு ஐயா தோசைக்கல் மாதிரிக் காய்ந்த டைல்ஸ் மேல் துள்ளித் துள்ளி வந்தார். செக்யூரிட்டிக்குச் செமத் திட்டு விழுந்தது.

அந்தக் காரில் நாம் சொன்னால் கேட்கும் ஒரு பெண் குரல் உண்டு. அதற்கு ஆங்கிலம் மட்டும்தான் புரியும். ஐயா அதனிடம், “ஏனுங்க, ஏசியக் கொஞ்சம் கொறைங்க” என்பார். அது ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கும். “பரவாயில்லீங்க, அவசரமில்ல, மெதுவாச் செய்யுங்க” என்று சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்வார்.

காரின் டிக்கியில் எப்போதும் முருங்கைக்காய்க் கட்டு இருக்கும். வாடிக்கையாளர்கள் உட்காரும் ஏசி அறைக்குள் வந்து ஆளுக்கொரு கட்டு கொடுப்பார். டை கட்டிய டாக்டர் ஒருவர் ஒருநாள் மறுக்கப் பார்த்தார். “உங்களுக்கில்லீங்க, வீட்டுல அம்மணிக்கு” என்று ஐயா அவர் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த டாக்டரின் கார் சாம்பாருக்குப் புறப்பட்டது போல, ஜன்னலில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டியது.

அவர் ஏன் எங்களிடம் வந்துகொண்டே இருந்தார் என்றால், காரில் ஒரு கோளாறு. முன்னால் போகிற வண்டியைப் பார்த்துத் தானாகவே பிரேக் போடுகிற வசதி அதில் உண்டு. அது அடிக்கடி வேலை செய்யாமல் போய், கண்ணாடிக்குக் கீழே மஞ்சள் விளக்கு எரியும். சனிக்கிழமை கொண்டுவந்து விடுவார். நாங்கள் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். கம்ப்யூட்டரில் மட்டும் ‘சென்சாரின் பார்வை மறைக்கப்பட்டது’ என்று பழைய பதிவு ஒன்று நிற்கும். ஏழு தடவை இப்படி. ஒரு தடவை வாரண்டியில் சென்சாரையே புதிதாக மாற்றியாயிற்று. அடுத்த வாரமே மறுபடியும் மஞ்சள் விளக்கு.

“புழுதியா இருக்கும்” என்பார் எங்கள் மேனேஜர்.

“பனியாக்கூட இருக்கும்னு கம்ப்யூட்டரு சொல்லுது சார்” என்பார் மெக்கானிக் ஆரோக்கியம் அண்ணன். “ஒட்டன்சத்திரத்துல பனி மழை பெஞ்சுச்சான்னு கேட்டுச் சொல்லுங்க.”

அந்த மாதக் கடைசியில் காரின் வாரண்டி முடிகிறது. என்னுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலமும் அதே மாதம் முடிகிறது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“இங்க பாரும்மா. இன்னொரு சென்சார் தரமாட்டேன், காரணத்தக் கண்டுபிடின்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க. இந்த ஃபைல முடிச்சுக் காட்டு, உன்னைய நிரந்தரம் பண்ண எழுதுறேன். இல்லேன்னா போன் எடுக்குற சீட்டு ஒண்ணு காலியா இருக்கு.”

போன் எடுப்பது கௌரவக் குறைவான வேலை இல்லை. ஆனால் அதற்கு நான் டிப்ளமோ படிக்கவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபடியே போனில் ஆரோக்கியம் அண்ணனிடம் புலம்பினேன். “வாரண்டி முடியப் போகுதுண்ணே. வாரண்டி போச்சுன்னா அவ்வளவுதான்.”

அம்மா கரண்டியோடு திரும்பினார். “யாருடி வாரான்? வாரான்டி, வாரான்டிங்கிற, அப்பறம் போயிட்டான்ங்கிற. எங்களுக்குத் தெரியாம எவன்டி அவன்?”

அம்மாவுக்கு வாரண்டி என்றால் என்னவென்று விளக்கி முடிப்பதற்குள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் ஆறிவிட்டது.

மறுநாள் ஐயாவின் பழைய ஜாப் கார்டுகள் ஏழையும் மேசையில் பரப்பி வரிவரியாகப் படித்தேன். ஏழிலும் அவர் சொன்னது ஒரே வார்த்தை: வெள்ளிக்கிழமை. ‘வெள்ளிக்கிழமை காலையில் விளக்கு எரிகிறது.’ அதைத் தட்டச்சு செய்தவர்கள் யாரும் அந்த வார்த்தையைப் பொருட்படுத்தவில்லை. கம்ப்யூட்டருக்குக் கிழமை தெரியாதே. இன்னொன்றும் தோன்றியது. எங்கள் சென்டரில் எந்தக் கார் வந்தாலும் முதல் வேலை தண்ணீர் அடித்துக் கழுவுவதுதான். அப்புறம்தான் மெக்கானிக் தொடுவார். அப்படியானால், கோளாறு எதுவாக இருந்தாலும் அதை நாங்களே கழுவி அனுப்பிவிட்டு, ஏழு தடவை ‘கோளாறு இல்லை’ என்று எழுதியிருக்கிறோம்!

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து ஒட்டன்சத்திரம் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் அவருடைய வீடு. வாசலில் கார் நின்றது. அதற்கு முன்னால் அவருடைய மனைவி குளித்த ஈரத்தலையோடு, கையில் கிண்ணத்தோடு நின்றார். காரின் மூஞ்சியில் நடுவாக ஒரு வெள்ளி முத்திரை இருக்கும், கம்பெனியின் சின்னம். அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்.

சென்சார் இருப்பது அந்தச் சின்னத்துக்குப் பின்னால்தான்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “அம்மா, அதுல...” என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஐயா இரண்டு கைகளையும் விரித்து, பழனிக்கு வருகிற லாரியை மறிப்பது போல என்னை மறித்தார். வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

“யாருங்க அம்மணி?” என்று அந்த அம்மா திரும்பினார்.

“கார் கம்பெனிப் புள்ள. டயர்ல காத்துப் பாக்க வந்துருக்குது” என்றார் ஐயா. வெறுங்கையோடு வந்த நான் டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டி, “காத்து நல்லா இருக்குங்கய்யா” என்றேன். அந்த அம்மா காப்பி போட உள்ளே போனார்.

“ஐயா, உங்களுக்கு முன்னமே தெரியுமா?”

“போன வருசமே தெரியுமுங்க. ஒரு வெள்ளிக்கெழம மழையில சந்தனம் கரஞ்சுது, வெளக்கும் அணஞ்சுது. புரிஞ்சு போச்சுங்க.”

“அப்பறம் ஏங்கய்யா அத்தன தடவ வந்தீங்க?”

“கம்பெனிக்காரங்க அந்தக் கண்ணக் கொஞ்சம் ஓரமாத் தள்ளி வெச்சுத் தருவீங்களான்னு பாத்தனுங்க.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “பழைய வேன் ஓட்டுறப்ப தொப்பம்பட்டிகிட்ட ஒரு டிராக்டருக்குப் பின்னால போயி முட்டி மூணு மாசம் படுத்துட்டனுங்க. அதுல இருந்து வெள்ளிக்கு வெள்ளி அவ வண்டிக்குப் பொட்டு வெக்காம என்னைய அனுப்பறதில்ல. நான் மார்க்கெட்டு போயி போன் பண்ணுற வரைக்கும் பச்சத் தண்ணி குடிக்கமாட்டா. நீ வெச்ச பொட்டுதான் பிரேக்கோட கண்ண மறைக்குதுன்னு நான் எப்படீங்க சொல்றது? அவளுக்கு அப்புறம் தூக்கம் வருமுங்களா?”

வாரண்டி விதிகள் முப்பத்தைந்து பக்கம். முழுவதையும் படித்திருக்கிறேன். இதற்கு அதில் இடமில்லை. என் வேலையும் அந்த முப்பத்தைந்து பக்கத்துக்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தது. காரணம் என் கண் முன்னாலேயே சந்தன வாசத்தோடு இருந்தது. எழுதிக் கொடுத்தால் ஃபைல் முடியும். ஆனால் அவர் ஒரு வருடம் பொத்திப் பொத்தி வைத்ததை நான் போட்டு உடைத்ததாகிவிடும். எழுதாமல் விட்டால் பிரேக்குக்குக் கண் தெரியாது.

காப்பி வந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டு காருக்கு முன்னால் போய் நின்றேன். அந்தக் காரைப் பற்றி நான் படித்ததெல்லாம் உதவவில்லை. சும்மா அதன் மூஞ்சியைப் பார்த்தேன்.

“அம்மா, பொட்டு எங்க வைக்கணும்?”

“இதென்ன கேள்வி? நெத்தியிலதான்.”

“இந்த லைட்டு ரெண்டும் என்ன?”

“கண்ணுங்க.”

“கண்ணுக்குக் கீழ, நடுவுல முன்னால நீட்டிக்கிட்டு இருக்கே, அது?”

அந்த அம்மா காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி காரைப் பார்த்தார். கை மெல்ல வாய்க்குப் போனது.

“அய்யய்யோ, மூக்கு!”

“ஆமாம்மா. நெத்தி மேல இருக்கு. இந்தா, பானெட்டு. எம்புட்டு அகலமான நெத்தி பாருங்க.”

“ரெண்டு வருசமா மூக்குலயா சந்தனத்த அப்பிட்டு இருந்தேன்? மூச்சு முட்டியிருக்குமே!” என்று அவர் முந்தானையால் சின்னத்தைத் துடைக்க ஆரம்பித்தார். ஐயா காப்பியைச் சட்டையில் சிந்திக்கொண்டு சிரித்தார். துடைத்த கை சட்டென்று நின்றது.

“ஏனுங்க, இதுக்குத்தான் சனிக்கெழம சனிக்கெழம திண்டுக்கல்லுக்கு ஓடுனீங்களா?”

ஐயா சிரிப்பை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா வெச்சிருப்பேன்?” கோபமாகத்தான் கேட்டார். ஆனால் கண் கலங்கியிருந்தது. பிறகு பானெட்டின் நடுவில், அளந்து பார்த்து, ஒரு சின்னப் பொட்டு வைத்தார். கையில் மிச்சமிருந்த குங்குமத்தை என் நெற்றியில் வைத்தார்.

அடுத்த வெள்ளி விளக்கு எரியவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் எரியவில்லை. ஃபைலில் காரணம் என்ற கட்டத்தில் ‘முகப்புச் சின்னத்தின் மேல் சந்தனம்’ என்றும், தீர்வு என்ற கட்டத்தில் ‘பொட்டு நெற்றிக்கு மாற்றப்பட்டது’ என்றும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். மேலிடத்திலிருந்து ஒருவர் போன் செய்து, உதிரிபாகப் பட்டியலில் நெற்றி என்று எதுவும் இல்லையே, அதன் நம்பர் என்ன என்று கேட்டார். ஃபைல் முடிந்தது. மேனேஜர் சொன்னபடியே என்னை நிரந்தரமாக்க எழுதினார்.

வாரண்டி முடிந்தது. கோளாறும் இல்லை. ஆனாலும் ஐயா சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. காற்றுப் பார்க்க வந்தேன் என்பார். எனக்கொரு கட்டு முருங்கைக்காய் தருவார்.

அவர் அன்றைக்குக் கேட்ட அந்தக் கேள்வி மட்டும் எனக்குள் கிடந்தது. நிரந்தரக் கடிதம் வந்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். லைசென்ஸ் வந்ததும் என்னைக் கவுன்ட்டரிலிருந்து ஒர்க்‌ஷாப்புக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கறுப்பு ஷூ போய், முனையில் இரும்பு வைத்த ஷூ வந்தது. போன சனிக்கிழமை, சர்வீஸ் முடித்த காரை ரோட்டில் ஓட்டிச் சோதிக்கும் வேலையை முதன்முதலாக எனக்குக் கொடுத்தார்கள். வெள்ளைக் கார். பக்கத்து சீட்டில் ஐயா, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். ரெட்டியார்சத்திரம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

வண்டியைத் திருப்புவதற்கு ஓரமாக நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தார். “ஓட்டத் தெரியுதுங்களே அம்மணி!”

என் போன் அடித்தது. ஆரோக்கியம் அண்ணன்.

“ஏம்மா, இங்க வாசல்ல ஐயா செருப்புக்குப் பக்கத்துல ஒரு ஜோடி ஷூ கெடக்கே, யாருது?”

குனிந்து பார்த்தேன். பிரேக்கின் மேல் இருந்தது என் வெறுங்கால்.