மச்சான் அளந்த நாற்பது மடங்கு

மதிப்பிற்குரிய ஆய்விதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒளியை அடைத்துவைத்துக் கணக்குப் போட்டே தலை நரைத்த ஒருவனின் வணக்கம். தாங்களும் தங்கள் மதிப்பீட்டாளர்களும் நலமாக இருக்க வேண்டும். இரண்டாம் மதிப்பீட்டாளர் மட்டும் கொஞ்சம் குறைவாக நலமாக இருந்தால் போதும்.

என் கட்டுரையைப் படித்துவிட்டு அவர் கேட்கிறார்: கரிமச் சாயப் படலத்தில் ஒளியும் மூலக்கூறும் பிரிக்க முடியாதபடி கலந்து, அந்தக் கலப்பு நிலை லேசராக ஒளிர, என் கணினிக் கணக்கு சொல்வதைவிட நாற்பது மடங்கு ஆற்றல் ஆய்வகத்தில் தேவைப்பட்டது ஏன்? ஐயா, அளந்தவர் என் மனைவியின் அண்ணன். அதுதான் காரணம். படலம் பூசியவரும் அவரே, அளந்தவரும் அவரே, பிடிவாதக்காரரும் அவரே. "மாப்ளே, உங்க கணக்குல எதையோ விட்டுட்டீங்க" என்றார். "மச்சான், மொதல்ல கண்ணாடியத் தொடச்சிட்டு அளங்க" என்றேன். துடைத்தார். ஏழு தடவை அளந்தார். அதே நாற்பது. நான் விடுவேனா? அவர் வீட்டுக்குப் போவதையே நிறுத்தினேன், மனைவியையும் போக விடவில்லை. "ஒரு நம்பருக்காகவா எங்கண்ணன் வாசல மிதிக்கக் கூடாதுங்கிறீங்க?"ன்னு கேட்டா. "நம்பர் இல்லடி, என் மானம்"னேன். அப்புறம் அவ கேக்கல. இப்படியே ரெண்டு வருஷம். போன மாசம் மச்சான் ஆய்வக நாற்காலியிலேயே மாரடைப்புல போயிட்டார். போன் வந்தப்போ அவ அழல. "இப்பவாவது போகலாமா?"ன்னு மட்டும் கேட்டா. நான் செருப்பை மாட்டினேன்.

ஆகவே அளவீடு தவறு, கணக்கு சரி என்பதே என் பதில். கட்டுரையை வெளியிட்டு, நன்றியுரையில் 'படலம் தயாரித்து உதவியவர்' என்று அவரைக் குறிப்பிட வேண்டுகிறேன். துக்க வீட்டுக்காரன் என்று சலுகை கேட்கவில்லை. கொடுத்தால் மறுக்கவும் மாட்டேன். தங்கள் இல்லமும் இதழும் குறைவின்றி விளங்கட்டும்.

இப்படிக்கு,
கோட்பாட்டுப் பிரிவு, மாடி அறை.

பி.கு.: உறையை ஒட்டுமுன், மதிப்பீட்டாளர் வாயை அடைக்கலாமென்று கணக்குப் போடும் கணினி நிரலை இன்னொரு தடவை திறந்தேன். ஒளியோடு சேராமல் ஒதுங்கி நின்று ஆற்றலை மட்டும் விழுங்கும் மூலக்கூறு நிலைகளுக்கான வரியை, வேகமா ஓடட்டுமேன்னு எப்பவோ நானே தற்காலிகமா நீக்கி வச்சிருக்கேன். திரும்பச் சேர்க்க மறந்தே போச்சு. சேர்த்து ஓட்டினேன். மச்சான் அளந்தது அப்படியே வந்து நிக்குது. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். கட்டுரையில் அவர் பெயரே முதலில் வரட்டும். வீட்லதான் எழுதிட்டிருக்கேன், அடுத்த அறையில் அவர் தங்கச்சி துணி மடிச்சிட்டிருக்கா. அவகிட்ட சொல்லணும். ரெண்டு தடவை கதவுவரை போயிட்டுத் திரும்பிட்டேன்.