மாமா ஓ.டி.யில் இருக்கிறார்

கடற்கரை ஊரில் பிறந்தவனுக்குக் கடலைச் சுற்றிக்காட்டத் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, பட்டுத் தெரிந்துகொண்ட உண்மை. நாங்கள் கடற்கரைக்குப் போவதே சுண்டல் தின்னத்தான். இல்லையென்றால் வெளியூரிலிருந்து யாராவது வந்து "பீச்சு எங்க?" என்று கேட்டுத் தொலைக்க வேண்டும். அப்படி என் மாமனார் வந்தபோது, லேமினேட் செய்த திட்டத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு காலையில் கிளம்பினேன். மதியம் அவர் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். மாமாவுக்குச் சேலத்தில் ஹார்ட்வேர் கடை. என் மனைவி தீபா ஒரே பெண். நாங்கள் இருவரும் சேலத்துக்கே வந்துவிட வேண்டும், நான் கடையில் உட்கார வேண்டும் என்பது அவருடைய ஆசை. (ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் வித்தியாசம் தெரியாத கல்லூரி ஆபீஸ் கிளார்க் நான். கடை ஒரே வருஷத்தில் ஏலத்துக்கு வந்திருக்கும்.)

"கடலூர்ல என்ன மாப்ள இருக்கு? டிவியில புயல்னா மொதல்ல உங்க ஊரு பேருதான் வருது. சரி, ஒரு தடவ வந்து பாக்கறேன். பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார்.

அதாவது, ஒரே நாள் கார் பயணத்தில் நான் சேலத்தை ஜெயித்தாக வேண்டும். தீபாவுக்கும் இங்கேயே இருக்கத்தான் ஆசை. "சொதப்பிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் என்னை மூன்று மாதத்திலேயே நன்றாகப் புரிந்துவைத்திருந்தாள்.

திட்டம் போட்டேன் பாருங்கள், கலெக்டர் ஆபீஸில்கூட அப்படிப் போட மாட்டார்கள். ஆறு மணிக்குத் தேவனாம்பட்டினத்தில் சூரிய உதயம். எட்டுக்கு ஓ.டி. துறைமுகம், பத்தே நிமிஷம். ஒன்பதரைக்குச் சாமியார்பேட்டை பீச். பதினொன்றுக்குச் சிதம்பரம். அங்கிருந்து எல்லோருமாகப் பிச்சாவரம் போய்ப் படகு சவாரி. மாமாவோடு வந்திருந்த அத்தைக்குக் காலையிலேயே நடராஜர் தரிசனம் வேண்டும் என்பதால், தீபா அவரை முதல் பஸ்ஸில் சிதம்பரம் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். மாமா என்னோடு காரில்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கடலூரில் ஓல்டு டவுனை ஓ.டி. என்போம், நியூ டவுனை என்.டி. என்போம். கண்டக்டர், காய்கறிக்காரம்மா, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் ஓ.டி.தான். அது ஏதோ ஒன்றின் சுருக்கம் என்பதே எங்களுக்கு மறந்துபோய்விட்டது. அத்தை முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர் என்பதும் எனக்கு அன்றைக்கு மறந்துபோயிருந்தது.

சூரியன் சரியாக உதித்தது. மாமாதான் ஏழரைக்கு எழுந்தார். சூரிய உதயத்தைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டு, திருப்பாதிரிப்புலியூர் வீட்டிலிருந்து நேராக ஓ.டி.க்கு வண்டியை விட்டேன். பிறந்து வளர்ந்த ஊரிலேயே போனில் மேப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். (பந்தாதான், வேறென்ன?)

துறைமுகத்தில் காரை விட்டு இறங்கிய மாமா, கடலைப் பார்க்கவே இல்லை. மீனைத்தான் பார்த்தார். சேலத்தில் ஐஸில் கிடந்த மீனையே பார்த்துப் பழகிய மனுஷனுக்கு, துள்ளுகிற வஞ்சிரத்தைக் கண்டதும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. என் பத்து நிமிஷம் முக்கால் மணி நேரமானது. கடைசியில் குழந்தை கனத்துக்கு ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு, வெட்டுகிற ஆள் இருந்த கொட்டகைக்குள் போனார்.

"மாப்ள, கோயிலுக்குப் போன நாளும் அதுவுமா கவிச்சி வாங்குனேன்னு தெரிஞ்சா உங்க அத்தை என்னைய உரிச்சுப்புடுவா. மூச்சு விடாதீங்க" என்றார்.

மூச்சு விடவில்லை. சரியாக அந்த நேரத்தில்தான் அத்தையின் போன் வந்தது.

"எங்க இருக்கீங்க மாப்ள?"

"ஓ.டி.ல இருக்கேன் அத்தை."

"ஓ.டி.லயா? அவரு?"

"மாமா உள்ள இருக்காரு. என்னைய வெளிய நிக்கச் சொல்லிட்டாரு."

அந்தப் பக்கம் அர்ச்சனைத் தட்டு கீழே விழுகிற சத்தம் கேட்டது. மீன் வாசனை போனிலேயே போய்விட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னாச்சு மாப்ள? மறைக்காம சொல்லுங்க!"

"ஒண்ணுமில்ல அத்தை, சின்ன வேலைதான். அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்."

கொட்டகைக்குள்ளிருந்து வெட்டுகிறவர் போட்டார் ஒரு கத்தல்: "அண்ணே! வயித்தக் கிழிச்சாச்சு! ரத்தம் ஜாஸ்தியா வருது, அலசி வுட்டுடட்டா?"

"ஐயோ!" என்றார் அத்தை. அவ்வளவுதான், என் போன் அணைந்துவிட்டது. மேப் போட்ட வினை, சார்ஜ் காலி. காரில் இருந்த சார்ஜரோ வெறும் அலங்காரம். மாமாவின் போன் வழக்கம்போல அத்தையின் கைப்பையில். தீபாவின் நம்பரைச் சொல் என்றால் எனக்கு முதல் இரண்டு எண்ணுக்கு மேல் தெரியாது. (இதை அவளிடம் சொன்னது நான் செய்த இன்னொரு தப்பு.)

அத்தை எதற்கு "ஐயோ" என்றார்? மீன் விஷயம் தெரிந்துவிட்டது, அதற்குத்தான் என்று நினைத்தேன். மாமாவும் அதையே நினைத்து முகம் வெளுத்துப்போனார். டிக்கி வேறு திறக்க மறுத்ததால், ஐஸ் போட்ட மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நேரமாகிவிட்டதால் சாமியார்பேட்டையையும் அடித்தேன். பரவாயில்லை, போகிற வழியெல்லாம் கடற்கரை ஓரம்தானே என்று சமாதானம். அந்தச் சாலையில் ஆயிரம் தடவை போயிருக்கிறேன். கடல் கண்ணிலேயே படாது என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"கடல் எங்க மாப்ள?"

"இதோ, இந்தப் பக்கம்தான் மாமா."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு."

மாமா சிதம்பரம் வரைக்கும் இடது பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். வயலும் பெட்ரோல் பங்க்கும் தெரிந்தன.

சந்திப்பதாகப் பேசியிருந்த கீழ வீதியில் அத்தையும் இல்லை, தீபாவும் இல்லை. நான்கு வீதியும் சுற்றினோம், இல்லை. கடைசியில் கோபுர வாசலில் பூ விற்ற அம்மாவிடம் விசாரித்தேன்.

"சேலத்து அம்மாவா? பச்சைப் பொடவ? பாவம்ப்பா, அவுங்க வூட்டுக்காரருக்கு திடீர்னு ஆபரேஷனாம். அம்மாவும் பொண்ணும் அழுதுகிட்டே வாடகைக் காரு புடிச்சிகிட்டு கடலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனாங்க."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார்.

"மாப்ள, அவ வீட்டுக்காரரு நான்தானுங்களே?"

"ஆமாம் மாமா."

"எனக்கு எப்ப ஆபரேஷன்?"

எனக்கு மட்டும் என்ன தெரியும்? வேறு யாரோ சேலத்து அம்மாவாக இருக்குமோ என்றேன். பச்சைப் புடவை சரியாக இருக்கிறதே என்றார் மாமா. வண்டியைத் திருப்பினேன். பிச்சாவரம் அம்புக்குறி ஒரு திசையைக் காட்ட, நாங்கள் எதிர்த் திசையில் பறந்தோம். வழியெல்லாம் மாமா தன் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அத்தையின் குரல் கேட்டது. "நானும் முப்பது வருஷம் இதே வேலை பார்த்தவதாம்மா. வயித்தத் திறந்தாச்சு, ப்ளீடிங் ஜாஸ்தின்னு என் காதால கேட்டேன். பேஷண்ட் பேரு தங்கராசு!" அங்கிருந்த நர்ஸ், "அம்மா, உள்ள இருக்கறது பிரசவக் கேசும்மா" என்று பத்தாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தீபா ஓரமாகச் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஏ சரோசா" என்றார் மாமா.

அத்தை திரும்பினார். எதிரே புருஷன் நிற்கிறார். ஐஸ் உருகியதில் பை ஒழுகி, சட்டையின் வயிற்றிலிருந்து வேட்டியின் முழங்கால் வரைக்கும் ஒரே ரத்தம்.

"தையலோட எந்திரிச்சு நடக்கறீங்களே! படுங்க! படுங்கன்னா!"

முப்பது வருஷ சர்வீஸ் போட்ட அதட்டல் அது. மாமா உடனே பக்கத்தில் இருந்த ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துவிட்டார். அத்தை சட்டையைத் தூக்கிக் காயத்தைத் தேடினார். காயம் இல்லை. குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"என்ன இது, மீன் நாத்தம்?"

மாமா படுத்தபடியே பையைத் தூக்கிக் காட்டினார். "வஞ்சிரம்" என்றார்.

அதற்குப் பிறகு அத்தை என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. "ஓ.டி.ன்னா இங்க ஆபரேஷன் தியேட்டர் இல்ல, ஓல்டு டவுனும்மா!" என்று தீபா விளக்கியதும் அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்னும் திட்டுவார் என்று பார்த்தால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். எனக்கு அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. கடலும் காட்டவில்லை, படகும் இல்லை. சேலத்துக் கடையில் ஆணி எண்ணுவதுதான் இனி என் தலையெழுத்து என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் ரயிலேற்றப் போனேன். (ஸ்டேஷனும் ஓ.டி.யில்தான். யாரும் அந்தப் பெயரை உச்சரிக்கவில்லை.) அத்தை ஏறி உட்கார்ந்ததும் மாமா என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"மாப்ள, முப்பத்திநாலு வருஷமாச்சு. எங்கம்மா செத்தப்பகூட அவ அழுது நான் பார்த்ததில்ல. எனக்காக அழுவான்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க இங்கயே இருங்க. நாங்க வந்து போறோம். இந்த ஊரு நல்ல ஊரு."

அப்படித்தான், கடலையே காட்டாமல் நான் சேலத்தை ஜெயித்தேன்.

போன வருஷம் மாமாவுக்கு நிஜமாகவே ஒரு ஆபரேஷன், கண்புரை. நாள் குறித்தது தீபாவுக்குத் தெரியும், என்னிடமும் சொல்லியிருக்கிறாள். நான் ஆபீஸ் வேலையில் மூழ்கியிருந்தபோது அத்தை சேலத்திலிருந்து போன் செய்தார்.

"மாப்ள, மாமா ஓ.டி.ல இருக்காரு."

கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டேன்:

"என்ன மீன் அத்தை?"